ஊவாத் தோட்டங்களும் கறுப்பு வெள்ளை உருவப்படமும்: ஒரு நோக்கு

நிழற்படக்கலையைப் பயில்வோருக்கென எழுதப்படும் நூல்கள் உருவப்படத்தை ஒளி, வில்லை, பின்னணி என்பவற்றின் சேர்க்கையாகவே பெரும்பாலும் விளக்குகின்றன. படம் பிடிப்பவருக்கும் பிடிக்கப்படுபவருக்கும் இடையிலான சமூக உறவு அங்கு அரிதாகவே பேசப்படுகின்றது. பதுளை, பசறை, அப்புத்தளைத் தோட்டங்களில் இக்கலையைக் கற்க முற்படுபவர் அவ்வுறவைப் புறக்கணித்தல் இயலாது. அங்கு முகம் படமான வரலாறே அவ்வுறவின் வரலாறாகும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஸ்கீன், ஸ்கோவன், பின்னர் பிளாட்டே முதலிய நிலையங்கள் இலங்கைக் காட்சிகளை விற்பனைக்கெனப் படமாக்கின. அவற்றிலே தோட்டத்துப் பெண்ணின் படத்துக்குக் கீழே 'தமிழ்க் கூலி', 'தமிழ்ப் பெண்' என்பன போன்ற குறிப்புகள் இருக்கும், பெயர் இராது. இவற்றை உருவப்படம் என்பதிலும் மாதிரிப்படம் என்பதே பொருந்தும். 1890இல் அப்புத்தளைப் பகுதியில் தோட்டங்களை வாங்கிய லிப்டனின் தேயிலை விளம்பரங்களும் கூடை சுமந்த இம்மாதிரியையே உலகெங்கும் கொண்டு சென்றன. துரைமார் பங்களா முன்றிலில் குடும்பத்தோடும் நாயோடும் அமர்ந்து எடுத்துக்கொண்ட படங்களை இவற்றுக்கு அருகில் வைத்து நோக்குதல் வேண்டும். நாய்க்கு அங்கே குடும்பத்துள் ஓர் இடம் உண்டு.

கலைஞரின் தனித்திறமை இவ்வெல்லையை மீறாதா என ஒரு வினா எழலாம். ஊவாவுக்கு வெளியிலிருந்து ஓர் உதாரணத்தைக் கொள்வோம். கோப்பித் தோட்டங்களின் உரிமையாளர் ஒருவரின் மனைவியான ஜூலியா மார்கரெட் கமரன் 1875இல் இலங்கைக்கு வந்து 1879இல் இங்கேயே காலமானார். இங்கிலாந்தில் டெனிசனையும் டார்வினையும் ஹேர்ஷலையும் அவர் பெயருடன் படம்பிடித்தார். 1878இல் களுத்துறையில் எடுத்த படமொன்றிலோ 'குடியானவர்' என்ற பொதுக் குறிப்பே காணப்படுகின்றது. சிறுமிக்குப் பன்னிரண்டு வயது, தந்தையெனக் கூறிக்கொள்ளும் முதியவர் தமக்கு நூறு வயதென்கிறார் என்றெல்லாம் எழுதியவருக்குப் பெயரைக் கேட்கத் தோன்றவில்லை. முகத்தின் மீது அவருக்கிருந்த ஈடுபாடு மெய்யானதே. ஆயினும் அவ்வீடுபாடு அவரது வர்க்க நிலையைத் தாண்டவில்லை என்பதே எமது கருத்து.

சாதனமும் நடுநிலையானதன்று. அக்காலத் தகடுகள் நீல, ஊதா ஒளியையே நன்கு உணர்ந்தன, செம்மையை உணரவில்லை. ஆதலால் மாநிற முகங்கள் கண்ணுக்குத் தெரிவதிலும் கருமையாகவே பதிந்தன. எல்லா நிறங்களையும் உணரும் தகடு 1906இல் விற்பனைக்கு வந்தது. இன்றும் ஒளிமானி எதனையும் நடுத்தரச் சாம்பலாகவே கணிக்கின்றது. வெள்ளையடித்த லயச் சுவரின் முன் நிற்கும் கரிய முகத்தை அது இருளாக்கிவிடும். முகத்தை அணுகி அதனை மட்டும் அளந்தாலோ தேவைக்கு மேல் வெளுக்கச் செய்யும். ஏறத்தாழ ஒரு படி ஒளியைக் குறைத்தாற்றான் முகம் தன் நிறத்தில் நிற்கும். இஸ்தோப்பில் படுத்திருக்கும் கறுப்பு நாய்க்கும் இதுவே விதி. அதன் கண்மட்டத்துக்கு நாம் தரையில் அமர்ந்து, கமராவை அது முகர்ந்து பழகும்வரை காத்திருக்க வேண்டும். நின்றபடியே கீழ்நோக்கி எடுப்பவர் நாயை மட்டுமன்றிக் கொழுந்தெடுப்பவரையும் அவ்வாறே எடுப்பதைக் காண்கிறோம். ஊவாவின் மூடுபனி தரும் மென்மையான ஒளி எந்த நிலையத்து விளக்கிலும் சிறந்தது என்பதையும் ஈண்டுக் குறிப்பிடலாம்.

தோட்ட மக்களுள் மிகப் பலர் தனித்தனி முகங்களாகப் படமானதற்குக் கலை காரணமன்று. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றோராக்கியது. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரை இரு அரசுகளும் 1974இல் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. கடவுச்சீட்டுக்குப் படம் வேண்டியிருந்தது. வெறுமையான பின்னணி, நேர்ப்பார்வை, அசைவற்ற முகம்: அரசு கேட்டது இதையே. இங்கே முதன்முறையாக முகத்தோடு பெயரும் சேர்ந்தது. சேர்ந்தது நாட்டைவிட்டு அனுப்புவதற்காக. தலைமன்னாருக்குச் சென்ற கோச்சியை மக்கள் 'அழுகைக் கோச்சி' என்றனர். 1984இல் கப்பற் சேவை நின்றது.

எனினும் அதே படங்களை மக்கள் வேறு பயனுக்கு உரியவையாக்கினர் என்பதை விமர்சகர் மறத்தலாகாது. கடவுச்சீட்டுக்கென எடுத்த படம் பிரிந்து சென்ற அண்ணனின், அத்தையின் ஒரே நினைவாக லயக் காம்பராவில் சாமிப்படத்தின் அருகே இடம்பெற்றது. அதிகாரத்தின் ஆவணம் உறவின் உருவப்படமாயிற்று. எம்மைப் பொறுத்தவரை ஊவாவின் உருவப்பட மரபு இங்கிருந்தே தொடங்குகின்றது, துரைமாரின் ஆல்பத்திலிருந்தன்று.

இன்று எல்ல, தெமோதரைப் பக்கம் வரும் பயணிகள் கூடை சுமந்த பெண்ணைப் படம்பிடித்துச் செல்கின்றனர். படமெடுக்கப் பழகும் எமது மாணவர் சிலரும் அதே கோணத்தையே தேடுவது வருந்தத்தக்கது. கூடையை இறக்கிவைத்த பின் அவர் யாருடன், எந்த ஆட்டுடன், எந்த நாயுடன் படமெடுக்க விரும்புகிறார் என்று கேட்பதே முதற் பயிற்சியாக அமையலாம். பெயர், தோட்டம், ஆண்டு ஆகியவற்றைப் பின்புறத்தில் எழுதி ஒரு பிரதியை உரியவரிடம் கொடுத்தல் இரண்டாவது.

பழைய படங்களுக்கும் இவ்வேலை எஞ்சியுள்ளது. லயத்தின் ஈரத்தில் அவை பூஞ்சணம் பிடித்து ஒட்டிக்கொள்கின்றன. கப்பலேறியவர்களை முகம் பார்த்துப் பெயர் சொல்லக்கூடியவர்களோ எழுபது வயதைக் கடந்து கொண்டிருக்கின்றனர்.