பாதியில் நிற்கும் கதைகள்: மீட்டர், கடிதம், பார்வையாளர்

'பாக்க ஆளில்ல சார், நிறுத்திட்டோம்.' தொடர் ஒன்று பாதியில் நிறுத்தப்படும்போது தொலைக்காட்சிக்காரர்கள் தரும் விளக்கம் பெரும்பாலும் இவ்வளவுதான். ஆள் இல்லை என்று எண்ணியது யார், எந்தெந்த வீட்டில் எண்ணினார்கள் என்று நாம் திருப்பிக் கேட்பதில்லை. சீரியல் என்றாலே முகம் சுளிக்கும் சிறுபத்திரிகை நண்பர்களுக்கு இது பிரச்சனையாகவே படுவதில்லை. 'சனியன் ஒழிஞ்சுது' என்று முடித்துக்கொள்கிறார்கள். லட்சக்கணக்கான பேர் அன்றாடம் புழங்கும் ஒரு கதையாடல் வடிவத்தில் எது வாழலாம், எது சாகலாம் என்று தீர்மானிக்கிற அதிகாரத்தைக் கண்டுகொள்ளாமல் விடுவதை மேட்டிமைத்தனம் என்றுதான் சொல்லவேண்டியிருக்கிறது.

தூர்தர்ஷன் காலத்தில் இந்த அதிகாரம் கோப்புக்குள் இருந்தது. பதின்மூன்று வாரத்துக்கு அனுமதி. பிறக்கும்போதே சாவுத் தேதி குறிக்கப்பட்ட கதைகள். நீட்டிக்க வேண்டுமானால் அதிகாரி மனசு வைக்கணும். அந்தக் காலத்தை மெச்சிப் பேச எனக்கு விருப்பமில்லை. தேசிய ஒளிபரப்பு என்ற பெயரில் இந்தி நம் கூடத்துக்கு வந்து உட்கார்ந்ததும் அந்த வழியாகத்தான். என்றாலும் அந்த இந்தித் தொடர்களில் ஒன்றுக்கு நேர்ந்தது நம் விவாதத்துக்கு வேண்டியது. மனோகர் ஷ்யாம் ஜோஷி எழுதிய 'ஹம் லோக்' 1984 ஜூலையில் தொடங்கியது. குடும்பக் கட்டுப்பாட்டுப் பிரச்சாரம் தூக்கலாக இருந்த முதல் 13 பகுதிகள் எடுபடவில்லை. இன்றைய கணக்குப்படி அங்கேயே பாடை கட்டியிருப்பார்கள். அன்று பிரச்சாரத்தைக் குறைத்துக் கதையைத் திருத்தி எழுதினார்கள். 1985 டிசம்பரில் முடிந்தபோது 156 பகுதிகள் ஆகியிருந்தன. பார்வையாளர்களிடமிருந்து வந்த கடிதங்கள் ஏறக்குறைய 4 லட்சம். கடிதம் எழுதுகிறவர் காரணம் சொல்லுவார், திட்டுவார், இன்னாருக்கு இன்னாரைக் கட்டிவை என்று யோசனையும் சொல்லுவார்.

மீட்டருக்கு அந்த வாய் கிடையாது. பொட்டி ஓடுகிறதா, எந்தச் சேனல், எத்தனை நிமிஷம் என்பதோடு அதன் மொழி தீர்ந்துவிடும். 2010ஐ ஒட்டிய ஆண்டுகளில் 'டாம்' நிறுவனத்தின் மீட்டர்கள் நாடு முழுக்கப் பத்தாயிரத்துக்கும் குறைவான வீடுகளில் இருந்தன. எல்லாம் நகரத்து வீடுகள். கிராமம் கணக்கிலேயே இல்லை. இதே காலத்தில், 2006க்கும் 2011க்கும் இடையில், தமிழ்நாட்டு அரசு ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிகளை இலவசமாகக் கொடுத்தது. எங்கள் ஆத்தூரைச் சுற்றி, தலைவாசல், கெங்கவல்லி பக்கத்துக் கிராமங்களில் ஓட்டு வீட்டுக்கும் குடிசைக்கும் பெட்டி வந்தது. ராத்திரி ஒன்பது மணிவரை சனங்கள் பார்த்தார்கள். விளம்பரத்தில் காட்டிய ஷாம்பு பாக்கெட்டைச் சந்தையில் வாங்கினார்கள். அவர்களது பார்வை எந்த வாரத்து டி.ஆர்.பி.யிலும் ஏறவில்லை. 'மக்கள் இதைத்தான் பாக்கறாங்க' என்ற வாக்கியத்திலுள்ள மக்கள் இவர்கள் அல்லர்.

2015 அக்டோபரில் 'பார்க்' அமைப்பு கிராமங்களையும் சேர்த்து எண்ணத் தொடங்கியதும் என்ன நடந்தது? இந்தியில், இலவசமாகக் கிடைத்த ஜீ அன்மோல் போன்ற சேனல்கள் ஒரேயடியாக முன்வரிசைக்கு வந்தன. பார்த்தவர்கள் அதற்கு முன்பும் இருந்தவர்கள்தான். எண்ணிக்கை மாறினால் மக்களே மாறிவிடுகிறார்கள்! அதற்குப் பிறகும் 2020இல் ஏறத்தாழ 21 கோடி வீடுகளுக்கு 44,000 மீட்டர்கள்தான். சுமாராக 4,800 வீட்டுக்கு ஒன்று. மாதிரிக் கணக்கெடுப்பின் விதிப்படி இது போதும் என்பார்கள். போதலாம். எனது கேள்வி, காரணம் சொல்லத் தெரியாத ஒரு எண்ணை வைத்து ஒரு கதையின் தலையெழுத்தை எழுதலாமா என்பது.

இதனால் செத்துப்போனவை தனித்தனித் தொடர்கள் மட்டுமில்லை. வாரம் ஒருமுறை வந்த நாகாவின் 'விடாது கருப்பு', 52 சிறுகதைகளைக் காட்சியாக்கிய பாலு மகேந்திராவின் 'கதை நேரம்' ஆகியவற்றை நினைத்துக்கொள்ளுங்கள். இவற்றை யாரும் பாதியில் கொல்லவில்லை, முடிந்துதான் போயின. ஆனால் 1999இல் 'சித்தி' தொடங்கி வைத்த தினசரி மெகா தொடர் வெற்றிக்குப் பிறகு, முன்னிரவு நேரத்தில் அப்படியொரு வடிவம் மறுபடி முளைக்க இடம் வைக்கப்படவில்லை. மெதுவாகப் பற்றிக்கொள்ளும் கதைக்கு எட்டு வாரம் பொறுக்க எந்தச் சேனலுக்கும் மனசில்லை. நிறுத்த வேண்டியவை வருஷக்கணக்கில் ஓடுவது தனிக்கதை.

2020 ஊரடங்கில் படப்பிடிப்புகள் நின்றன. மறுபடி தொடங்கியபோது சன் தொலைக்காட்சியின் 'அழகு', 'கல்யாணப் பரிசு', 'தமிழ்ச்செல்வி', 'சாக்லேட்' நான்கும் திரும்பி வரவில்லை. ரேவதி நடித்த 'அழகு' 2017இலிருந்து 700 பகுதிகளைத் தாண்டி வந்திருந்தது. இவை மகத்தான படைப்புகள் என்று நான் வாதாடப் போவதில்லை. நோய்த்தொற்று பொய்யுமில்லை. ஆனால் இரண்டரை வருஷம் தன் மாலை நேரத்தைக் கொடுத்தவளுக்கு ஒரு முடிவு பாக்கி இருக்கிறது. தினக்கூலிக்கு விளக்குப் பிடித்தவருக்குப் பாக்கி நின்றது வேலை. முடிவில்லாததைத் 'திறந்த பிரதி' என்று கொண்டாடலாமே என்றார் ரொலாண் பார்த்தைக் கரைத்துக் குடித்த நண்பர் ஒருவர். எழுதியவர் திறந்து வைப்பதும் கணக்குப் பிள்ளை கதவைச் சாத்துவதும் ஒன்றாகுமா?

ஜவ்வரிசி ஆலைக்கு மரவள்ளிக் கிழங்கு உரிக்கும் பெண்கள், இப்படி நின்றுபோன தொடர் ஒன்றுக்குத் தாங்களாகவே முடிவு கட்டிக்கொண்டிருந்ததைக் கேட்டிருக்கிறேன். ஒருத்தி மருமகளைத் தனிக்குடித்தனம் வைத்துவிட்டாள். 'அதெப்புடி, மாமியாக்காரி விட்டுருவாளா?' என்று இன்னொருத்தி ஒத்துக்கொள்ளவில்லை. மூன்றாமவள் வயசானவள். 'நீங்க ஆளுக்கொண்ணு சொல்லுங்க கண்ணு, எழுதுனவன் என்ன நெனச்சானோ, அத யாரு எனக்குச் சொல்லுவா?' என்று கத்தியை இன்னொரு கிழங்கில் வைத்தாள்.