போட்டோ யார் கணக்கில் இருக்கிறது?

வந்தவாசிக் கடைத்தெருவில் புது செல்போன் வாங்குகிற பலருக்கு ஜிமெயில் ஐடி திறந்து கொடுப்பது கடையில் வேலை பார்க்கும் பையன்தான். பெயர் கேட்பான், பிறந்த வருஷம் கேட்பான். பாஸ்வேர்டு என்ன வைக்கலாம் என்று கேட்க அவனுக்கு நேரம் இருக்காது. ஏதோ ஒன்றைத் தட்டிவிடுவான். “போட்டோ பேக்கப் ஆன் பண்ணிடட்டுமாக்கா?” “பண்ணிடுப்பா.” பாய் வியாபாரக் குடும்பமோ தறிக் குடும்பமோ, அடுத்த பத்து வருஷத்துப் படங்கள் எங்கே போய்ச் சேரும் என்பது அந்த இரண்டு பேச்சில் முடிவாகிவிடுகிறது.

இணையத்தில் படம் சேமிக்கும் சேவைகளை ஒப்பிடுகிறவர்கள் எத்தனை ஜிபி இலவசம், மாதம் எவ்வளவு, தரம் குறையுமா என்று அட்டவணை போடுவார்கள். தேவையான கேள்விகள்தாம். ஆனால் வந்தவாசி, செய்யாறு, ஆரணி வட்டாரத்தில் நான் பார்த்தவரை, படங்கள் தொலைவதற்குச் சேவையைவிடக் கணக்குதான் பெரிய காரணம். உள்ளே போகும் வழி யாருக்கும் தெரியாமல் போய்விடுகிறது.

சேவைகள் கைவிட்டதே இல்லை என்று நான் சொல்லவரவில்லை. 2004இல் வந்த ஃபிளிக்கர் ஒரு காலத்தில் போட்டோ எடுப்பவர்களின் சொந்த வீடு போல இருந்தது. 2013இல், யாகூவின் கையில் இருந்தபோது, ஒரு டெராபைட் இலவசம் என்று அறிவித்தது. 2018இல் ஸ்மக்மக் நிறுவனம் அதை வாங்கியது; அதே ஆண்டு நவம்பரில், இலவசக் கணக்குக்கு ஆயிரம் படம்தான், மிச்சம் அழிக்கப்படும் என்று சொல்லிவிட்டது. ஃபோட்டோபக்கெட் இன்னும் கடுமை. 2017இல், தன்னிடம் உள்ள படத்தை வேறு தளத்தில் காட்ட வேண்டுமானால் ஆண்டுக்கு 399.99 டாலர் கட்டு என்றது. உலகம் முழுக்க எத்தனையோ பக்கங்களில் படம் இருந்த இடத்தில் அறிவிப்புப் பலகை வந்து உட்கார்ந்தது. கூகுள் போட்டோஸ் 2015இல் வரம்பில்லா இலவசத்தோடு வந்து, 2021 ஜூன் 1 முதல் 15 ஜிபிக்குள் அடங்கச் சொன்னது. அந்த 15 ஜிபியும் மெயிலுக்கும் சேர்த்துத்தான். இடம் நிரம்பினால் வேலைக்கு விண்ணப்பித்தபோது கொடுத்த முகவரிக்குக் கடிதம் வருவதும் நின்றுபோகும். போட்டோவால் இப்படி ஆகும் என்று யாருக்குத் தோன்றும்?

ஆகவே 2024 ஆகஸ்டில் ஜியோ 100 ஜிபி இலவசம் என்று அறிவித்தபோது அதை வரம் என்று நான் நினைக்கவில்லை. வாங்கிக்கொள்ளலாம், தப்பில்லை. அதையே நம்பி வேறு பிரதி வைக்காமல் இருப்பதுதான் தப்பு.

இலவசத்தைத் திட்டுவது எளிது. அது செய்த நல்லதையும் சொல்ல வேண்டும். இங்கே முந்திய தலைமுறையில் பல வீடுகளில் மொத்தமே ஒரு கல்யாண ஆல்பம், சுவரில் இரண்டு சட்டம் போட்ட படம். மழைக்காலத்தில் பூஞ்சை பிடித்து ஆல்பத்தின் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பிரித்தால் மாப்பிள்ளை முகம் எதிர்ப்பக்கத்தோடு போய்விடும். ஸ்டுடியோவிடம் நெகட்டிவ் கேட்டால், கடையை மூடியபோது எடைக்குப் போட்டோம் என்பார்கள். இன்று கோரை அறுக்கப் போன இடத்தில் செல்போன் தண்ணீரில் விழுந்தாலும், புதுப் போனில் பழைய கணக்கைப் போட்டால் பேரன் பிறந்த நாள் படம் திரும்பி வருகிறது. எழுதப் படிக்கத் தடுமாறும் பாட்டிகூட முகத்தைத் தொட்டால் அந்த முகமுள்ள படமெல்லாம் வரிசையாக வந்து நிற்கிறது. நம் முகங்களை ஒரு நிறுவனம் அடையாளம் கண்டு அடுக்கி வைத்திருக்கிறது என்பதும் அதில் அடக்கம்தான். ஆனாலும் காசில்லாத வீட்டுக்கு இவ்வளவு பெரிய வசதி முன்பு எங்கே கிடைத்தது?

தொழிலுக்கு வைக்கும் படத்தின் கதை வேறு. ஆரணிப் பக்கம் தறியிலிருந்து இறங்கிய பட்டுச்சேலையை அடுத்த அரைமணி நேரத்தில் படம் எடுத்துவிடுகிறார்கள். முந்தியை விரித்து ஒன்று, பார்டருக்கு ஒன்று, உடல் புட்டாவுக்கு ஒன்று. மயில்கழுத்து நிறத்தில் பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம். சேலையை அசைத்தால் நிறம் மாறும். ஒரே படத்தில் அது விழவே விழாது, எந்தச் சேவையில் ஏற்றினாலும் சரி. விழுந்த கொஞ்சமும் வாட்ஸ்அப்பில் போகும்போது நசுங்கிவிடுகிறது. நெசவாளர் முதலாளிக்கு அனுப்ப, முதலாளி கடைக்கு அனுப்ப, கடை வாடிக்கையாளருக்கு அனுப்ப, பெரிதாக்கிப் பார்த்தால் ஜரிகை இழை தெரியாமல் மஞ்சள் திட்டாக நிற்கிறது. எடுத்த தேதி, நேரம் முதலிய உள்விவரங்களும் வழியில் உதிர்ந்துவிடுகின்றன. அதே படத்தை ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பினால் மூலம் மாறாமல் போகும்; பலரும் அப்படி அனுப்புவதில்லை.

இதனால் என்ன நஷ்டம் என்று கேட்கலாம். கைத்தறிக்கென்று ஒதுக்கிய ரகங்களுக்கு 1985இல் தனிச்சட்டமே வந்தது. இருந்தும் டிசைன் ஒன்று வாட்ஸ்அப்பில் சுற்ற ஆரம்பித்தால் விசைத்தறியில் ஏறிவிடும் என்ற பயம் நெசவாளர்களுக்கு இருக்கிறது. எங்கள் தறியில்தான் முதலில் இறங்கியது என்று காட்டக் குறைந்தபட்சம் தேதியோடு கூடிய மூலப்படம் வேண்டும். அது எங்கே இருக்கிறது? அநேகமாக மகனின் சொந்தக் கணக்கில், நண்பர்களோடு எடுத்த படங்களுக்கு நடுவில். அவன் ஒரகடத்தில் கம்பெனி வேலைக்குப் போனால் குடும்பத்தின் டிசைன் பதிவேடும் கூடவே போய்விடுகிறது.

கணக்கு தொலையும் விதம் சலிப்பூட்டும் அளவுக்கு ஒரே மாதிரி. போன் பழுதாகிறது. புதுப் போனில் பழைய பாஸ்வேர்டு தெரியவில்லை. ஓடிபி போகும் எண்ணோ ரீசார்ஜ் செய்யாமல் விட்ட பழைய சிம். 90 நாள் பயன்பாடில்லாத எண்ணை நிறுவனம் முடக்கலாம், பிறகு வேறொருவருக்கும் தரலாம். கடையில் “புது ஐடி போட்டுடலாம்” என்கிறார்கள். வேறு வழியும் இல்லை. பழைய கணக்கில் கல்யாணம், காதுகுத்து, இறந்துபோன அப்பா எல்லாம் பத்திரமாக இருக்கும், யாரும் எட்ட முடியாமல். இரண்டு ஆண்டு யாரும் நுழையாத தனிநபர் கணக்குகளை 2023 டிசம்பரிலிருந்து கூகுள் அழிக்கத் தொடங்கியிருக்கிறது.

கூகுளை நம்பாதவர்கள் எங்கே போவது? என்டே என்ற சேவை இந்தியர்கள் தொடங்கியது. படங்கள் முழுக்கக் குறியாக்கம் செய்யப்படுவதால் அதை நடத்துகிறவர்களாலேயே பார்க்க முடியாது. அந்தரங்கத்துக்கு இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. ஆனால் பாஸ்வேர்டும் மீட்புச் சாவியும் சேர்ந்து தொலைந்தால் மீட்டுத் தர அவர்களாலும் முடியாது. பாஸ்வேர்டு மறப்பது சகஜமான வீட்டுக்கு அதைப் பரிந்துரைக்க எனக்குத் தயக்கம்தான். எந்தச் சேவையானாலும் ஹார்ட் டிஸ்க்கில் இன்னொரு பிரதி வைக்கலாம். அதுவும் ஒரு நாள் கெடும். ஆனால் இரண்டாவது பிரதிக்கு அதைவிட மலிவான வழி இல்லை.

ஊருக்குச் சொந்தமான படங்களைத் தனிநபர் கணக்கில் வைப்பது எனக்கு உடன்பாடே இல்லை. 1760 ஜனவரி 22 வந்தவாசிச் சண்டையின் கோட்டை, வெண்குன்றம் மலை, பொன்னூர் மலைச் சமணத் தலம் என்று இங்கே படமெடுக்கப் பஞ்சமில்லை. எல்லாம் யாருடைய முகநூலிலோ கிடக்கின்றன. 2004இல் தொடங்கிய விக்கிமீடியா காமன்ஸில் ஏற்றினால், எடுத்தவர் பெயரோடு யாரும் பயன்படுத்தலாம். ஏற்றியவர் கணக்கை மறந்தாலும் படம் நிற்கும். நிறுவனம் கையிலெடுத்தால் என்ன ஆகும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே உதாரணம் உண்டு. பழைய தமிழ் ஸ்டுடியோக்களின் படங்களைப் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் ஆவணங்களுக்கான திட்டத்தின் உதவியோடு மின்னாக்கம் செய்தது. ஆனால் 2023 அக்டோபரில் அந்த நூலகத்தின் மீது இணையத் தாக்குதல் நடந்து இணைய சேவைகள் மாதக்கணக்கில் முடங்கின. ஓரிடத்தில் மட்டும் வைப்பது எவ்வளவு பெரிய நிறுவனத்துக்கும் போதாது.

என் தீர்ப்பு இது. சாதாரணக் குடும்பத்துக்கு கூகுள் போட்டோஸ் போதும். 100 ஜிபிக்கு மாதம் 130 ரூபாய் என்ற விலை நியாயமானதே. ஆனால் ‘மெமரி ஃபுல்’ என்று வரும்போது அந்தச் செயலியிலேயே படத்தை அழிக்காதீர்கள். பேக்கப்பிலிருந்தும் அது போய்விடும். இடத்தைக் காலி செய்வதற்கென்று அதிலேயே தனி வசதி இருக்கிறது. வருஷத்துக்கு ஒரு முறை மொத்தத்தையும் இறக்கி வையுங்கள். இறக்கும்போது நீங்கள் எழுதிய குறிப்பும் திருத்திய தேதியும் படத்துக்குள் இல்லாமல் தனிக் கோப்பாக வரும். இது அந்தச் சேவையின் பெரிய குறை. தறி வைத்திருப்பவர்கள் தொழிலுக்குத் தனி ஐடி வைத்து, அதன் மீட்பு எண்ணாக வீட்டில் நிரந்தரமாக இருப்பவரின் எண்ணைக் கொடுக்க வேண்டும்.

வங்கிக் கணக்கில் நாமினி போட்டவர்கள் இதற்கும் போட்டுவிடுங்கள். கூகுளில் ‘செயலற்ற கணக்கு நிர்வாகி’ என்று ஒரு பகுதி 2013 முதல் இருக்கிறது. மூன்று மாதம் முதல் பதினெட்டு மாதம் வரை கெடு வைக்கலாம். அதுவரை நீங்கள் நுழையாவிட்டால் நீங்கள் குறித்த நபருக்குச் செய்தி போகும், விரும்பினால் படங்களும் போகும். பத்துப் பேர் வரை பெயர் கொடுக்கலாம். இதற்குக் கட்டணம் கிடையாது.