ஈ, தா, கொடு: யார் வாயில் எந்தச் சொல்?

தமிழ் இலக்கணத்தில் மேல் கீழ் இல்லை என்று சொல்லும் புலவர்களுக்குத் தொல்காப்பிய எச்சவியலைத்தான் எடுத்துக் காட்ட வேண்டியிருக்கிறது. ஒன்றைக் கேட்டு வாங்க அங்கே மூன்று சொல். ‘ஈ’ இழிந்தோன் சொல், ‘தா’ ஒப்போன் சொல், ‘கொடு’ உயர்ந்தோன் சொல். நன்னூலும் இதையே மறுபடி சொல்கிறது. இழிந்தோன் என்றது சாதியை அல்ல, நிலையைத்தான் என்று சமாதானம் வரும். இருக்கட்டும். அந்த நிலை எதனால் வந்தது? காணி யார் கையில் இருந்தது என்பதால்தானே?

குருவிகுளம் ஜமீனாக இருந்த ஊர். எங்க கரிசல் பக்கம் ‘ஈ’ன்னு யாரும் கேட்டதில்லை, அது ஏட்டோட போச்சு. கூலிக்கு நிக்கிறவர் ‘தாங்க சாமி’ என்பார். ‘தா’ ஒப்போன் சொல்லாச்சே என்றால், பின்னால் ஒட்டுகிற ‘சாமி’ அதைக் கீழே இழுத்துவிடும். மேலேயிருந்து வருவது மட்டும் இலக்கணம் பிசகாமல் வரும்: ‘கொடுலே’. அதுவும் இரப்புதான் என்கிறது சூத்திரம். நம்ம காதுக்கு அது என்னைக்கு இரப்பாகக் கேட்டது?

நிலம் ‘கொடுத்த’ கதைக்கு வருவாய்த்துறைத் தாளைப் பார்க்கணும். செங்கல்பட்டு கலெக்டர் ட்ரெமென்ஹீர் 1891இல் பறையர் மக்களின் நிலைமை பற்றி அறிக்கை எழுதினார். அதையொட்டி 1892இல் சென்னை மாகாண அரசு நிலம் ஒதுக்க ஆணையிட்டது. இதுதான் பஞ்சமி நிலம். தாழ்த்தப்பட்டோர் அல்லாதவருக்கு விற்றால் செல்லாது என்பது அதன் நிபந்தனை. இப்படித் தருவதை ஆபீஸ் தமிழ் ‘ஒப்படை’ என்கிறது. நல்ல சொல். உரியவனிடம் உரியதைச் சேர்ப்பதைத்தான் ஒப்படைத்தல் என்போம். மேடை ஏறினால் மட்டும் அது ‘பட்டா வழங்கினார்’ என்று வள்ளல் கதையாகிவிடுகிறது.

‘நிலத்தைக் கொடுத்துட்டு விக்கிற உரிமையப் புடுங்கிட்டான்’ என்று நம்ம படிச்ச பிள்ளைகளே சிலர் அந்த நிபந்தனையைக் குறை சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. நிலம் கைமாறிய விதத்தைப் பாருங்கள். கல்யாணக் கடன், பஞ்சத்துக்கு வாங்கிய தானியம், வெற்றுத்தாளில் கைநாட்டு. அனுபவிக்கிறவர் கேட்பார்: ‘அவன் சம்மதிச்சுத்தான எழுதிக் கொடுத்தான்?’ எழுதிக் ‘கொடுத்தான்’! அந்த ஒரு நாள் மட்டும் நம்மைக் கொடையாளி ஆக்கிவிட்டார்கள். மாட்டேன்னு சொல்ல முடியாதவன் சரின்னு சொன்னா அது சம்மதமா? அந்தக் கைநாட்டைச் செல்லாது என்று சொல்ல நமக்கு இருக்கிற பிடிமானம் அந்த நிபந்தனைதான்.

1994 அக்டோபர் 10 அன்று, காரணை பஞ்சமி நிலத்துக்காகச் செங்கல்பட்டில் திரண்டவர்கள் மீது போலீஸ் சுட்டது. ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் கொல்லப்பட்டார்கள். திரண்டவர்கள் ஈ என்றும் கேட்கவில்லை, தா என்றும் கேட்கவில்லை. ‘மீட்பு’ என்றார்கள். எச்சவியல் நடத்துகிற தோழர்கள் அந்தச் சொல்லையும் கரும்பலகையில் எழுதி, இது யார் கூற்று என்று பிள்ளைகளிடம் கேட்கலாம்.