கறைக்குப் பின்னால் தாத்தா

தாத்தாவின் கறை படிந்த பழைய படத்தைச் சரிசெய்யும்போது, கறுப்பு வெள்ளைப் படம்தானே என்று கறுப்பு வெள்ளையிலேயே ஸ்கேன் செய்தால் போச்சு. வண்ணத்தில்தான் எடுக்க வேண்டும். பழுப்புக் கறை நீல ஒளியைத்தான் அதிகம் விழுங்கும். அதனால் போட்டோஷாப்பில் நீலச் சேனலைத் திறந்தால் தாத்தாவின் கன்னமெல்லாம் கரி. சிவப்புச் சேனலுக்குப் போனால், அட, கறை மங்கிப்போய், டீ சிந்திய இடத்தில் வேட்டி மடிப்பு எட்டிப் பார்க்கிறது! இந்த ஒரு கணத்துக்காகவே இந்த வேலையைச் செய்யலாம்.

மிச்சக் கறைக்கு ஹீலிங் பிரஷ் என்ற கருவி. 2002இல் போட்டோஷாப் 7உடன் வந்தது. பக்கத்துத் தோலின் இழையை எடுத்துப் புள்ளியை மூடும். கைதேர்ந்தவர்கள் அதையும் அளந்தே தொடுவார்கள். இப்போதைய ஏஐ செயலிகள் சில நொடிகளில் பளபளவென்று ஒரு முகம் தந்துவிடும்; பல நேரம் அது தாத்தா இல்லை, வேறு யாரோ. அம்மைத் தழும்பையும் கறையென்று நினைத்து அழித்துவிடாதீர்கள்.