காடு என்கிற சொல்லுக்குப் பொருள் எழுதுவது யார்?

செயற்கைக்கோள் படம், கணிப்பொறி மாதிரி, எண்முறை வரைபடம் என்று பேச்சு வந்தாலே அது விஞ்ஞானிகள் சமாசாரம் என்று ஒதுங்கிக்கொள்வது நம்ம பழக்கம். தமிழ் படித்த எனக்கும் கணிப்பொறி தூரம்தான். ஆனால் ஒரு சொல்லுக்கு யார் பொருள் தருகிறார்கள், அந்தப் பொருளால் யார் வெளியே தள்ளப்படுகிறார்கள் என்று கேட்பது விமர்சகனின் வேலை இல்லையா?

இந்திய வன அளவாய்வு நிறுவனம் 1987லிருந்து இரண்டாண்டுக்கு ஒருமுறை வெளியிட்டுவரும் வன நிலை அறிக்கையை ஒரு பிரதியாக வாசிக்கலாம். அதன் இலக்கணம் எளிமையானது. ஒரு ஹெக்டேருக்கு மேற்பட்ட நிலத்தில் மரக்கவிகை 10 சதவீதத்தைத் தாண்டினால் அது வனப்பரப்பு. நிலம் யாருடையது, சட்டப்படி அது காடுதானா என்ற கேள்விகள் கிடையாது. பழத்தோட்டம், மூங்கில், பனையினங்கள் எல்லாம் உள்ளே வரும். 2023 அறிக்கை சொல்லும் 7,15,343 சதுர கிலோமீட்டர், அதாவது நாட்டின் பரப்பில் 21.76 சதவீதம், இந்த இலக்கணம் பெற்ற எண். அதில் சோலையும் தென்னந்தோப்பும் ஒரே பச்சை. புல்வெளியில் மரமில்லை, ஆகவே அது காடில்லை. நீலகிரிப் புல்வெளியைச் சீகை மரம் விழுங்கினால் கணக்கில் காடு வளரும்!

இதைக் கருவியின் பிழை என்று சொல்லித் தப்பிக்க முடியாது. 1850களில் பர்மாவின் பெகு காடுகளில் தேக்கு மரங்களைப் பருமன்வாரியாக எண்ணி, குச்சிகளில் வெட்டுப் போட்டுக்கொண்டே போனார் டீட்ரிச் பிராண்டிஸ். 1864இல் இந்திய வனத்துறையின் முதல் தலைவரானவர் அவர்தான். குச்சியில் ஏறியது தேக்கு. சந்தைக்குப் போகாத மரம் ஏறவில்லை. வனத்துறை 'ஒர்க்கிங் பிளான்' என்று சொல்கிற திட்டத்தின் ஆதிப்பிரதி அந்தக் குச்சிதான். இன்று குச்சியின் இடத்தில் 23.5 மீட்டருக்கு 23.5 மீட்டர் பிக்சல். எண்ணுவது வேகமாகிவிட்டது. எதை எண்ணுவது என்ற முடிவு மட்டும் இன்னமும் கணிப்பொறிக்கு வெளியே, மனிதர்களால் எடுக்கப்படுகிறது. அந்த முடிவை அரசியல் இல்லாத விஷயமாகக் காட்டுவதுதான் வரைபடத்தின் சாமர்த்தியம்.

இதில் யாருக்கு என்ன நஷ்டம்? 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தைப் பாருங்கள். 2005 டிசம்பர் 13க்கு முன்பிருந்தே நிலம் தன் அனுபவத்தில் இருந்தது என்று பழங்குடி நிரூபிக்க வேண்டும். மர நிழலில் சாமையும் கேழ்வரகும் விதைத்து, சில வருஷம் தரிசு போட்டு, திரும்ப உழுகிறவனின் நிலம் மேலேயிருந்து பார்த்தால் காடாகத் தெரியும். 'படத்தில் விவசாயம் இல்லையே' என்று அதிகாரி சொன்னால் அவன் பேச்சற்றுப்போகிறான். குஜராத்தில் செயற்கைக்கோள் படத்தை வைத்து மனுக்கள் நிராகரிக்கப்பட்ட விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போனது. 2013இல் தீர்ப்பு வந்தது. அதற்கு முந்தைய ஆண்டே சட்ட விதிகள் திருத்தப்பட்டுவிட்டன: தொழில்நுட்பம் மற்றச் சான்றுகளுக்குத் துணை நிற்கலாம், அவற்றின் இடத்தைப் பிடிக்கக் கூடாது.

விதிகளில் ஊர்ப் பெரியவர்களின் எழுத்து வாக்குமூலமும் ஒரு சான்று. இது எனக்கு மிக முக்கியமாகப்படுகிறது. கிழவி ஒருத்தி 'அந்தப் புளியமரத்துக்குக் கிழக்கே என் மாமனார் உழுதார்' என்று சொல்வதும் விண்ணிலிருந்து எடுத்த படமும் சட்டத்தின் முன் பக்கத்துப் பக்கத்தில் உட்காருகின்றன. இரண்டுமே பிரதிகள், இரண்டுக்குமே வாசிப்பு தேவை. ஒன்றை 'உண்மை' என்றும் மற்றதை 'கதை' என்றும் பிரிப்பது விஞ்ஞானம் ஆகாது, அது அதிகாரம்.

நம் நண்பர்கள் சிலர் உடனே 'ஆதி அறிவு' பக்கம் ஓடி, எந்திரத்தைச் சபிக்கிறார்கள். இது சோம்பேறித்தனம். 2005க்கு முந்தைய பழைய படம் ஒன்று அதே கிழவியின் பேச்சுக்குச் சாட்சியாகவும் நிற்க முடியும். கிராம சபையே ஜி.பி.எஸ். கருவியோடு தன் எல்லையை நடந்து குறித்தால் வரைபடம் அதன் கைக்கு வரும். வரைபடம் வேண்டாம் என்பது நம் கோஷமாக இருக்க முடியாது. வரைபடத்தின் ஓரத்தில் 'காடு', 'காடல்லாதது' என்று குறிவிளக்கம் எழுதுகிறார்களே, அந்த மேசையில் நமக்கும் இடம் வேண்டும். 10 சதவீதம் என்று எழுதிய கை ஒரு மனிதக் கைதான். அதை அடித்துத் திருத்தவும் மனிதக் கை போதும்.