கணக்கின் பிறழாமையும் கிடைப்பும்: உத்திரமேரூர்க் கல்வெட்டு விதிகள் குறித்த ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

முதலாம் பராந்தக சோழனின் உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் பெரும்பாலும் குடவோலைத் தேர்தலின் ஆவணங்களாகவே பேசப்படுகின்றன. அவற்றுள் அமைந்த கணக்கு விதிகளை, இன்றைய கணக்கியல் தகவல் முறைமைகள் கூறும் உள்கட்டுப்பாட்டுக் கருத்துகளோடு ஒப்பிட்டு இக்கட்டுரை ஆராய்கிறது. விதி இருந்தமை வேறு, விதி நடந்தமை வேறு. முன்னதைச் சான்றாக்கிப் பின்னதை நிறுவ முடியாது என்பது இக்கட்டுரையின் வாதமாகும்.

திறவுச்சொற்கள்: உத்திரமேரூர், வாரியம், கணக்கு, உள்கட்டுப்பாடு, தணிக்கை, திருத்தத் தடம்

முன்னுரை

தொண்டை மண்டலத்தின் பேரேரிகளுள் ஒன்று காவேரிப்பாக்கம் ஏரி. பல்லவ மன்னன் மூன்றாம் நந்திவர்மனோடு தொடர்புபடுத்திப் பேசப்படும் இவ்வேரியை ஒட்டிய ஊர், அவனது பட்டப்பெயரால் அவனிநாராயணச் சதுர்வேதிமங்கலம் என வழங்கியது. இத்தகைய ஊர்களில் ஏரியைக் காப்பதென்பது கரையையும் மதகையும் காப்பதோடு முடிவதன்று. ஏரிக்கு வந்த பொன், நெல் ஆகியவற்றையும், அவை செலவான வகையையும் எழுதிக் காக்கும் பணியும் அதனுள் அடங்கும். கணக்குப் பிறழ்ந்தால் கரையைச் செப்பனிடும் பொருளும் பிறழும்.

ஊராட்சிக் கணக்கு எவ்வாறு கட்டுப்படுத்தப்பட்டது என்பதை விரிவாகக் காட்டும் ஆவணம், இதே மண்டலத்தைச் சார்ந்த உத்திரமேரூரில் கிடைக்கிறது. வைகுந்தப் பெருமாள் கோயிலில் பொறிக்கப்பட்ட இரு கல்வெட்டுகள், பராந்தகனின் 12, 14ஆம் ஆட்சியாண்டுகளைச் சார்ந்தவை. அதாவது ஏறத்தாழ கி.பி. 919, 921. வெங்கையா இவற்றை இந்தியத் தொல்லியல் துறையின் 1904-05ஆம் ஆண்டறிக்கையில் வெளியிட்டார். நீலகண்ட சாஸ்திரியார் 1932இல் வெளியான தம் நூலில் இவற்றை விரிவாக ஆராய்ந்தார். அதன்பின் பள்ளிப் பாடநூல் முதல் அரசியல் மேடைவரை இக்கல்வெட்டுகள் 'உலகின் பழைய மக்களாட்சி' என்னும் ஒற்றைத் தொடருக்குள் அடங்கிவிட்டன. கணக்கு பற்றிய வாசகங்கள் தேர்தல் வாசகங்களின் நிழலில் மறைந்துபோயின.

பிறழாமையும் கிடைப்பும்

கணக்கியல் தகவல் முறைமைகள் பற்றிய நூல்கள் இரண்டு பண்புகளை வற்புறுத்துகின்றன. ஒன்று, தரவின் பிறழாமை: நிகழ்ந்தது நிகழ்ந்தவாறு எழுதப்படுதலும், எழுதப்பட்டது உரிமையற்றோரால் மாற்றப்படாது இருத்தலும். மற்றொன்று, தரவின் கிடைப்பு: வேண்டிய காலத்தில் வேண்டிய உரிமையுடையோர்க்கு அக்கணக்கு கைக்கெட்டுதல். இவ்விரண்டையும் காக்க அமைக்கப்படும் நடைமுறைகளே உள்கட்டுப்பாடு எனப்படும்.

ஆம்பூர், இராணிப்பேட்டைப் பகுதித் தோல் தொழிலிலிருந்து ஓர் எடுத்துக்காட்டுக் கூறலாம். பச்சைத் தோல் எண்ணிக்கைக் கணக்கில் உள்ளே வருகிறது. பதனிட்ட தோல் சதுர அடிக் கணக்கில் வெளியே செல்கிறது. இடையில் கழிவும் தரப்பிரிப்பும் நிகழ்கின்றன. அளவை மாறும் இவ்விடத்தில் இரு ஏடுகளையும் ஒருவரே எழுதினால், குறைவு எங்கே நேர்ந்தது என்பதை எவராலும் காட்ட இயலாது. ஆகவே பெறுபவர் ஒருவர், எழுதுபவர் வேறொருவர், ஒப்பிட்டுப் பார்ப்பவர் மூன்றாமவர் என்னும் பணிப்பகுப்புத் தேவையாகிறது. எழுதுபவரின் நேர்மையை மட்டும் நம்பியிராமையே இம்முறையின் அடிப்படை.

கல்வெட்டின் கட்டுப்பாடுகள்

இந்நோக்கில் உத்திரமேரூர் விதிகளை வாசித்தால் அவற்றின் நுட்பம் புலனாகிறது. சம்வத்சர வாரியம், தோட்ட வாரியம், ஏரி வாரியம், பொன் வாரியம், பஞ்சவார வாரியம் எனப் பணிகள் பிரிக்கப்பட்டன. வாரியப் பொறுப்பு 360 நாள்களுக்கு மட்டுமே உரியது. முந்தைய மூன்றாண்டுகளுக்குள் வாரியம் செய்தவர் மீண்டும் பெயரிடப்படலாகாது. பொறுப்பில் நெடுங்காலம் நிலைப்பவரே தம் பிழையை மறைக்க வல்லவர் என்னும் தெளிவு இவ்விதியில் உள்ளது.

வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் தகுதி இழக்கிறார். அவரோடு அவருடைய உறவினரும், முறை முறையாகப் பட்டியலிடப்பட்டு, விலக்கப்படுகின்றனர். இதனை உறவினர்க்கு விதிக்கப்பட்ட தண்டனையாக மட்டும் கொள்ளுதல் போதாது. முடிக்கப்படாத கணக்கை, அடுத்துப் பொறுப்பேற்கும் உறவினர் மூடிமறைக்கும் வழியை அடைப்பதே இதன் பயன் எனலாம். பொய் ஆவணம் செய்தோரும் விலக்கப்பட்டோர் பட்டியலில் இடம்பெறுகின்றனர்.

கணக்கு எழுதுவோர் பற்றிய வாசகம் இன்னும் கூர்மையானது. நேர்வழியில் பொருளீட்டியவரே கணக்கு எழுத வேண்டும். தாம் பொறுப்பிலிருந்த காலத்துக் கணக்கை, கணக்கிற்குப் பொறுப்பான பெருங்குழுவினரிடம் ஒப்படைத்துத் தூயவர் எனத் தீர்மானிக்கப்படும்வரை, அவர் மீண்டும் அப்பணிக்கு அமர்த்தப்படலாகாது. தாம் எழுதிய கணக்கைத் தாமே ஒப்படைக்க வேண்டும். அதனை முடிக்க வேறொரு கணக்கனைக் கொண்டுவரலாகாது. ஒவ்வொரு பதிவையும் எழுதியவரோடு பிரிக்கவியலாது பிணைக்கும் இவ்விதியே, இன்றைய கணினிக் கணக்கில் பயனர் அடையாளம் செய்யும் வேலையைச் செய்தது.

குடவோலை எடுக்கும் முறையும் ஒரு பதிவுக் கட்டுப்பாடே. ஓலை இடும் குடம் அனைவரும் காண உயர்த்தப்படுகிறது. உள்ளிருப்பது அறியாத சிறுவன் ஓலையை எடுக்கிறான். பெறுபவர் ஐந்து விரலும் விரித்த கையில் அதனை வாங்குகிறார். அவர் வாசித்தபின் அங்குள்ள நம்பிமார் அனைவரும் அதே ஓலையை வாசிக்கின்றனர். எடுப்பவர், பெறுபவர், சரிபார்ப்பவர் என்னும் பகுப்பு இங்குத் தெளிவாக உள்ளது. விரித்த கை என்பது சடங்கன்று. ஓலை மாற்றப்படாமைக்கு அவையோர் முன் காட்டப்படும் சான்று.

கல்லும் ஓலையும்

இவ்வளவு கூறியபின், 'சோழர் ஊராட்சியில் கணக்கு தூயதாக இருந்தது' என்று முடிப்பது எளிது. பலரும் அவ்வாறே முடிக்கின்றனர். அம்முடிபு ஏற்கத்தக்கதன்று என்பதற்கு மூன்று காரணங்கள் உள.

முதலாவது, கல்லில் பொறிக்கப்பட்டவை விதிகள். கணக்குகள் எழுதப்பட்டது ஓலையில். கல் நின்றது, ஓலை அழிந்தது. ஏரி வாரியத்தார் ஓராண்டில் பெற்றதையும் செலவிட்டதையும் காட்டும் ஓலை நம் கைக்கு வரவில்லை. கணக்குக் காட்டாமையால் விலக்கப்பட்டவர் எத்தனை பேர் என்பதையும் விதி வாசகம் தருவதில்லை. விதிக்கு வழங்கப்பட்ட நிலைபேறு கணக்கிற்கு வழங்கப்படவில்லை. பிறழாமைக்கு இத்துணை விதி வகுத்த சபை, நெடுங்காலக் கிடைப்பிற்கு வழிசெய்யவில்லை என்பதே ஆவணங்கள் காட்டும் நிலை.

இரண்டாவது, 12ஆம் ஆட்சியாண்டில் செய்த ஏற்பாடு இரண்டே ஆண்டில் மாற்றப்பட்டது. அகவை வரம்பு 30-60 என்பதிலிருந்து 35-70 எனத் திருத்தப்பட்டது. விலக்குகளின் பட்டியலும் விரிந்தது. தீயோர் அழிந்து நல்லோர் தழைக்க வேண்டும் என்னும் நோக்கத்தைக் கல்வெட்டே கூறுகிறது. முதல் ஏற்பாடு போதுமானதாக இருந்திருப்பின் இரண்டாவது எழுந்திராது. எனவே விதியின் விரிவு, நேர்மையின் சான்றாவதைவிட, நேர்ந்த முறைகேட்டின் சான்றாவதே பொருத்தம்.

மூன்றாவது, கணக்குக் கொடுப்போரும் கேட்போரும் ஒரே சிறுவட்டத்தினர். வரி செலுத்தும் நிலமும் சொந்த மனையும் வேதப் பயிற்சியும் உடைய பிராமண ஆடவர்க்கே அவையில் இடம். ஏரிநீரால் உழுதவர்க்கும் கரைக்கு மண் சுமந்தவர்க்கும் அக்கணக்கைக் கேட்கும் உரிமை விதியில் இல்லை. கிடைப்பு என்பது 'யாருக்கு' என்னும் வினாவிற்கு உட்பட்டது.

ஒரே மாதம், இரு வங்கிகள்

விதி இருத்தலுக்கும் நடத்தலுக்கும் உள்ள இடைவெளியை 2018 பிப்ரவரியில் வெளிப்பட்ட இரு நிகழ்வுகள் விளக்கும். கும்பகோணத்தைத் தலைமையிடமாகக் கொண்ட சிட்டி யூனியன் வங்கியின் ஸ்விஃப்ட் முறைமை வழியாக, ஏறத்தாழ 20 இலட்சம் டாலருக்கான மூன்று பொய்ப் பணமாற்றுக் கட்டளைகள் அனுப்பப்பட்டன. ஒப்புகைச் செய்திகளை அச்சிடும் அச்சுப்பொறியும் முடக்கப்பட்டிருந்தது. முதலில் தாக்கப்பட்டது கிடைப்பு. அதன் மறைவில் தாக்கப்பட்டது பிறழாமை. எனினும் மறுநாள் கணக்கை ஒத்துப்பார்க்கும் அன்றாடப் பணி நடந்தது. பொய்க் கட்டளைகள் அதனால் வெளிப்பட்டன. ஒரு தொகை உடனே தடுக்கப்பட்டது.

அதே மாதம் பஞ்சாப் நேஷனல் வங்கி, தன் மும்பைக் கிளையொன்றில் நிகழ்ந்த, சுமார் 11,400 கோடி ரூபாய் அளவிலான மோசடியை அறிவித்தது. அங்கு ஸ்விஃப்ட் வழியே சென்ற உறுதிக் கடிதங்கள் வங்கியின் மையக் கணக்கு முறைமையில் பதியப்படவில்லை. இரு முறைமைகளும் இணைக்கப்படாதிருந்தன. இத்தகைய தீங்கு குறித்து 2016 ஆகஸ்டு முதல் குறைந்தது மூன்று முறை வங்கிகளை எச்சரித்ததாக ரிசர்வ் வங்கி பின்னர்த் தெரிவித்தது. எச்சரிக்கை எழுத்தில் இருந்தது. ஒப்புநோக்கும் பணி நடக்கவில்லை. தணிக்கையாளர் ஒரு கட்டுப்பாட்டின் வடிவமைப்பையும் செயற்பாட்டையும் தனித்தனியே சோதிப்பது இதனாலேயே.

இன்றைய விதியும் அதன் எல்லையும்

2023 ஏப்ரல் 1 முதல், கணக்கு மென்பொருளைப் பயன்படுத்தும் இந்திய நிறுமங்கள் ஒவ்வொரு மாற்றத்தையும் அது செய்யப்பட்ட நாளோடு பதியும், முடக்கவியலாத திருத்தத் தடம் கொண்ட மென்பொருளையே பயன்படுத்த வேண்டும். மின்னணுக் கணக்கின் காப்புப்படி இந்தியாவிலுள்ள சேவையகத்தில் நாள்தோறும் வைக்கப்பட வேண்டும் என 2022ஆம் ஆண்டுத் திருத்தம் கூறுகிறது. முன்னது பிறழாமைக்கும் பின்னது கிடைப்பிற்கும் உரியவை. உத்திரமேரூர் விட்டுவைத்த குறையைக் காப்புப்படி விதி நிரப்புகிறது எனலாம்.

ஆயினும் இவ்விதிகள் நிறுமச் சட்டத்தின் கீழ் வரும் நிறுமங்களுக்கே உரியவை. தனி உடைமையாளரும் கூட்டாண்மையும் நடத்தும் தொழிற்கூடங்கள் இவற்றுள் அடங்கா. அடங்கும் இடத்திலும், ஒரே கடவுச்சொல்லை அலுவலகத்தார் அனைவரும் பயன்படுத்தினால், தடம் மாற்றத்தைக் காட்டுமேயன்றி மாற்றியவரைக் காட்டாது. எழுதியவரே ஒப்படைக்க வேண்டும் என்னும் 10ஆம் நூற்றாண்டு விதியின் உயிர்நாடி அங்கே அறுந்துவிடுகிறது.

முடிவுரை

உத்திரமேரூர்க் கல்வெட்டைப் போற்றுவதில் பிழையில்லை. கணக்கை மனிதரோடு பிணைத்தமை, பதவிக்குக் கால எல்லை விதித்தமை, உறவின் மறைப்பைத் தடுத்தமை ஆகியவற்றால் அது கணக்கியல் வரலாற்றிலும் இடம்பெற வேண்டிய ஆவணம். வணிகவியல் வகுப்பில் அது கற்பிக்கப்படுதல் நன்று. ஆனால் விதியைக் காட்டி நடைமுறையை நிறுவும் வாசிப்பு, மாணவர்க்கு ஒரு தவறான பாடத்தைத் தருகிறது: விதி எழுதப்பட்டால் கணக்கு தூயதாகிவிடும் என்பதே அது.

இக்கட்டுரையாளர் கலந்துகொண்ட கிராமசபைக் கூட்டமொன்றில் வரவு செலவுத் தொகைகள் வாசிக்கப்பட்டன, கேட்டோர் கையொப்பமிட்டனர். ஏட்டைப் பார்க்கலாமா என்று வினவிய முதியவர் ஒருவருக்கு, 'அதுதான் வாசித்தாயிற்றே' என்னும் விடையே கிடைத்தது. விதிப்படி யாவும் முறையாகவே நடந்தன. அம்முதியவரின் கைக்கு ஏடு சென்றதா என்பதே கட்டுப்பாடு நடந்ததற்கான சோதனை. கல்வெட்டாயினும் கணினியாயினும் ஆய்வாளர் தேட வேண்டியது அச்சோதனைக்குரிய சான்றையே.