ரைமன் அரங்கில் ஒரு டிசம்பர் இரவு

அமெரிக்காவின் நாஷ்வில் நகரிலுள்ள ரைமன் அரங்கில் தனித்தனி நாற்காலி கிடையாது. 1892இல் ஜெபக்கூடமாகத் திறந்த கட்டடம். இன்றும் நீண்ட மரப்பெஞ்சுகள்தான். தோளோடு தோள் உரசும். பாடகர் வின்ஸ் கில்லும் அவர் மனைவி ஏமி கிராண்ட்டும் கிறிஸ்துமஸ் பாடும் டிசம்பர் இரவில் அந்த நெருக்கமே பாதிச் சுகம்.

கில்லின் குரல் நூலிழையாய் மேலே ஏறும், அறாது. எனக்கோ பெடல் ஸ்டீல் கிட்டார் மேல்தான் தீராத ஆசை. தந்திகள்மேல் உருக்குத் துண்டு வழுக்கும். கால் மிதிக்கும் பெடல், ஒலித்துக்கொண்டிருக்கும் தந்தியின் சுருதியையே இழுத்து மாற்றும். ஒரு சுரம் அழுதுகொண்டே அடுத்ததற்குப் போகும். கமகம் கேட்டு வளர்ந்த காதுக்கு அது அந்நியமே இல்லை.

கடைசிப் பாட்டில், பக்கத்துப் பெரியவர் கண்ணை மூடி முணுமுணுத்தார். அவர் குரலின் அதிர்வு பெஞ்சுப் பலகை வழியாக என் முதுகுக்கு வந்தது.